இரண்டு பெட்டிகளும் ஒரு நாற்காலியும்

மின்விசிறியை நிறுத்தச் சொன்னவன் ஏழுமலைதான்.

சித்திரை வெயில். சென்னையில், வடபழனிப் பக்கம் ஒரு மாடி வீடு. தெரு இரைச்சலுக்காக ஜன்னல்களையும் சாத்தியிருந்தார்கள். வீட்டுக்காரர் ஸ்டான்லி சினிமா ஒலிப்பதிவுகளில் கிடார் வாசித்தவர். குடும்பத்தோடு ஆஸ்திரேலியாவுக்குப் போகப் போகிறவர். தரையில் பாய் விரித்து, கிடாரை மீட்டினால் வேறு வாத்தியத்தின் சத்தம் தருகிற இரண்டு மின்சாரப் பெட்டிகளை விற்பதற்காக அதன்மேல் வைத்திருந்தார். அவர் ஏழுமலையை ஏற இறங்கப் பார்த்தார். நாலு முழ வேட்டி, கக்கத்தில் மஞ்சள் பை, குதிகாலில் கழனிச் சேறு காய்ந்த வெடிப்பு. கிடாருக்குப் பெட்டி வாங்க வந்தவன் நான். துணைக்கு வந்தவன் மின்விசிறியை நிறுத்தச் சொன்னால் யாருக்குத்தான் எரிச்சல் வராது?

"அந்தக் காத்து சத்தத்துல இந்தக் காத்து கேக்க மாட்டேங்குது சார்," என்றான் ஏழுமலை.

ஸ்டான்லி எழுந்துபோய் நிறுத்தினார். மூன்று பேருக்கும் வியர்த்து ஊற்றியது. ஏழுமலை கண்ணை மூடிக்கொண்டு, தலையை ஒருபக்கம் சாய்த்து, நான் மீட்ட மீட்ட இரண்டாவது பெட்டியிலிருந்து வந்த புல்லாங்குழலைக் கேட்டான். எங்கள் மெல்லிசைக் குழுவில் பத்துப் பன்னிரண்டு வருடங்களாகப் புல்லாங்குழல் வாசித்தவன் அவன்.

நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவனுக்குத் தெரியாது என்று நான் நினைத்திருந்த ஒரு விஷயம் எனக்குத் தெரியும். அந்தப் பெட்டியை நான் வாங்கினால் குழுவில் அவனுக்கு இடம் இல்லை. இதைச் சொல்லாமலேதான், "காது கொடுத்துக் கேக்க ஓர் ஆள் வேணும், நீ வா" என்று அவனைப் பஸ் ஏற்றி அழைத்துப் போயிருந்தேன்.

வெள்ளைக்காரர் விட்ட கிடார்

போன வாரம் கமிட்டித் தராசைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகர், மல்லாட்டை மூட்டைக்குச் சீட்டு எழுதிக்கொண்டிருந்த ஆளுக்குக் கிடார் எங்கிருந்து வந்தது என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்விதான். கமிட்டி என்று நாங்கள் சொல்வது நெல்லும் வேர்க்கடலையும் ஏலம் போகிற விற்பனைக்கூடத்தை. வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்று பெயர். அங்கே எடை குமாஸ்தாவாக இருந்த எனக்கும் கிடாருக்கும் எந்தச் சம்பந்தமும் இருந்திருக்கக் கூடாது.

எழுபதுகளின் ஆரம்பமாக இருக்கும். வேலை கிடைத்துத் திருவண்ணாமலைக்கு வந்த புதிதில் செங்கம் சாலையில் ஒரு அறையில் குடியிருந்தேன். பக்கத்து வீட்டில் ஒரு வெள்ளைக்காரர் இருந்தார். எல்லாவற்றையும் விட்டுவிட வந்திருப்பதாகச் சொன்னார். முதலில் விட்டது கிடாரை. ஒருநாள் காலையில் அதைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்து, இனி தனக்குச் சத்தம் வேண்டாம் என்றார். எனக்கு வேண்டுமா என்று அவர் கேட்கவே இல்லை.

மூன்று மாதம் கழித்து வந்து, ஒரே ஒரு தடவை வாசித்துவிட்டுத் தருகிறேன் என்று இரவல் கேட்டார். கொடுத்தேன். பகல் முழுக்க வாசித்தார். சாயங்காலம் அதைத் திருப்பிக் கொடுக்கும்போது கண்ணெல்லாம் சிவந்திருந்தது. அந்த வாரமே ஊருக்குப் போய்விட்டார். வந்த காரியம் முடிந்ததா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

நான் அதை ரேடியோவை வைத்துக்கொண்டு நானாகவே கற்றுக்கொண்டேன். விரல் நுனியெல்லாம் வெடித்தது. தடித்த தந்தி ஒருமுறை அறுந்தபோது, சென்னையிலிருந்து புதியது வரும்வரை சைக்கிள் பிரேக் கம்பியைப் பிரித்துக் கட்டி ஓட்டினேன். நாள் முழுக்க கமிட்டியில் கூச்சல் கேட்டுவிட்டு வந்தால் அறையில் ஒரு சத்தமும் இருக்காது. அப்பா அம்மா இல்லை. அண்ணன் போளூர்ப் பக்கம் கிராமத்தில். கல்யாணம் ஒன்றிரண்டு தட்டிப் போய், பிறகு கேட்பாரும் இல்லை. அந்த அறையில் நான் தொட்டால் திருப்பிப் பேசிய சாமான் அது ஒன்றுதான். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. அப்படி இருந்தது, அவ்வளவுதான்.

ஐந்தரை மணிச் சாப்பாடு

ராஜு மாஸ்டரின் குழுவில் நான் சேர்ந்தது எப்படி என்பதை ஏற்கெனவே எழுதிவிட்டேன். மாஸ்டர் ஆர்மோனியம் வாசித்துக்கொண்டே பாடுவார். பத்துப் பேர் வேனில் போவோம். கல்யாணம், காதுகுத்து, கூழ் ஊற்றுகிற திருவிழா என்று வடாற்காடு முழுக்கச் சுற்றியிருக்கிறோம்.

என்னிடம் ஒரு தொல்லை இருந்தது. நான் சமணன். பொழுது சாய்ந்தால் சாப்பிடுவதில்லை. எங்கள் வீடுகளில் விளக்கு வைப்பதற்குள் அடுப்பைக் கழுவிவிடுவார்கள். வேறு எந்த ஆசாரத்தையும் நான் ஒழுங்காகக் கடைப்பிடித்தேன் என்று சொல்ல முடியாது. இது மட்டும் ஒட்டிக்கொண்டது.

கச்சேரிக்காரனுக்கு இது ஒத்துவருமா? கச்சேரி ஆறரைக்கு ஆரம்பம். ஒன்பதுக்குமேல் முடித்துவிட்டு எல்லோரும் ஒன்றாகப் பந்தியில் உட்கார்வார்கள். கச்சேரியின் நிஜமான சந்தோஷமே அந்தப் பந்தியில்தான். யார் சுருதி விட்டான், எந்தப் பாட்டில் தபலாக்காரன் தூங்கினான் என்றெல்லாம் அங்கேதான் கிழிபடும். நான் வேனில் உட்கார்ந்து வயர் சுற்றிக்கொண்டிருப்பேன். சிரிப்புச் சத்தம் மட்டும் வரும்.

நான் சாப்பிட வேண்டுமென்றால் ஐந்தரைக்குச் சாப்பிட வேண்டும். அந்த நேரத்தில் மண்டபத்துச் சமையல்கட்டில் நுழைந்து சோறு கேட்க எனக்குக் கூச்சம். சாம்பார் தாளித்திருக்காது, அப்பளம் பொரித்திருக்காது. மாப்பிள்ளை வீட்டாரே இன்னும் சாப்பிடாதபோது கிடார்காரன் இலையைத் தேடினால் என்ன நினைப்பார்கள்? முதல் சில கச்சேரிகளுக்கு வாழைப்பழத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

அதைக் கண்டுபிடித்தவன் ஏழுமலை. அடி அண்ணாமலையில் கழனி வைத்திருக்கும் குடும்பம். சாமந்தியும் மல்லாட்டையும் போடுவார்கள். யாரிடமும் கூச்சம் கிடையாது. நேராகச் சமையல்கட்டுக்குள் போய், "அண்ணே, எங்க கிடார்காரரு இருட்டிட்டா வாய் தெறக்க மாட்டாரு. இருக்கறத போடுங்க. எனக்கும் சேத்துப் போடுங்க," என்பான். இரண்டு இலை வரும். எனக்கு எதிரில் உட்கார்ந்து முழுச் சாப்பாடு சாப்பிடுவான். ஒன்பதரைக்குப் பந்தியிலும் ஒரு கட்டு கட்டுவான்.

"யோவ் நயினாரே, உன் புண்ணியத்துல எனக்கு ரெண்டு சாப்பாடு. உங்க சாமி நல்ல சாமிய்யா," என்று சிரிப்பான்.

எங்கள் ஆட்களை நயினார் என்று அழைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அவன் வாயில் அது கேலியாகவும் இருக்கும், மரியாதையாகவும் இருக்கும். வருடக்கணக்கில் என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டவன் அவன் ஒருவன்தான். பசிக்காமல்தான் சாப்பிடுகிறான் என்பது எனக்குத் தெரிய நிறைய நாள் ஆனது.

மாஸ்டர் சொன்ன கணக்கு

எண்பதுகளில் கீபோர்டு வந்தது. கல்யாண வீட்டுக்காரர்கள் கீபோர்டு உண்டா என்று கேட்டுவிட்டுத்தான் வெற்றிலை பாக்கு வைத்தார்கள். வயலின் வாசித்த பெரியவர் சொல்லாமலே நின்றுகொண்டார். மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாஸ்டர் என்னைத் தன் வீட்டுக்கு வரச்சொன்னார்.

"நயினாரே, ஒக்காரு. பத்துப் பேர இட்டுக்கினு வேன்ல போறதெல்லாம் இனிமே கட்டுப்படியாவாது. வேலூர் பார்ட்டிங்கள பாத்தியா? ஆறே பேரு. நான் கீபோர்டு வாங்கறேன். பாட ரெண்டு பேரு, தாளத்துக்கு ரெண்டு பேரு. மிச்சம் ஒரே ஒரு நாற்காலிதான் இருக்குது."

"குழலு, வயலின் எல்லாம் கீபோர்டுலயே வருமே மாஸ்டர்?"

"வரும். நான் பாடணும், பாட்டுக்குத் துணையா கார்டு புடிக்கணும். கையி ரெண்டுதான இருக்குது? கிடாரு, குழலு, வயலின் மூணையும் யாரு ஒத்த ஆளா குடுக்கறாங்களோ, அவங்களுக்கு அந்த நாற்காலி. கிடார்லயே எல்லா வாத்தியமும் வர்ற மாதிரி ஒரு மிஷின் வந்திருக்குதாம். மெட்ராஸ்ல விசாரி." பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஏழுமலைகிட்ட நீ எதுவும் சொல்லிக்காத. அது என் பொறுப்பு."

எனக்கு வந்த முதல் உணர்ச்சி நிம்மதி. இதை ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன். நாற்காலி எனக்குக் கிடைக்கும் என்கிற நிம்மதி. அதற்குப் பிறகுதான் ஏழுமலையின் நினைப்பு வந்தது. அவனுக்குக் கழனி இருக்கிறது, பெண்டாட்டி பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மேடை போனால் எனக்குக் கமிட்டியும் அறையும்தான். பயந்துபோனேன். பயந்தவன் செய்கிற காரியத்தைத்தான் செய்தேன். ஊரில் என் பங்குக்கு இருந்த அரைக் காணியை அண்ணனிடமே விட்டுப் பணம் வாங்கிக்கொண்டு, ஒலிப்பதிவுக்காரர்கள் மூலமாக ஸ்டான்லியின் விலாசத்தைப் பிடித்தேன்.

எதற்காக ஏழுமலையை அழைத்துப் போனேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். அவனைவிட நல்ல காது எங்கள் குழுவில் கிடையாது என்பது ஒரு காரணம். ஐந்து மணி நேரப் பஸ்ஸில் தனியாகப் போக எனக்குப் பிடிக்கவில்லை என்பது இன்னொரு காரணம். இரண்டாவதுதான் பெரிய காரணம் என்று இப்போது தோன்றுகிறது.

வடபழனி மாடியில்

ஸ்டான்லி முதலில் பழைய பெட்டியைப் போட்டுக் காட்டினார். அதற்கென்றே செய்த ஒரு கிடார் அதனுடன் வந்தது. தந்திகளுக்கு அடியில், ஆறு தந்திக்கும் தனித்தனியாக ஆறு காந்தம். கட்டைவிரல் பருமனுக்கு ஒரு வயர் பெட்டிக்குப் போகும். ஜப்பான் சாமான் என்பதால் நம் மின்சாரம் அதற்கு ஜாஸ்தி. குறைத்துக் கொடுக்க ஒரு டிரான்ஸ்பார்மர் தனியாக வேண்டும்.

நான் வாங்கி மடியில் வைத்து ஒரு தந்தியை மீட்டினேன். அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வது? கிடாரும் இல்லை, ஊதுகிற வாத்தியமும் இல்லை. விரலைத் தந்தியில் அழுத்தி வளைத்தால் அதுவும் கூடவே வளைந்தது. மெதுவாக விட்டால் மெதுவாக இறங்கியது. எனக்கு உடம்பு சிலிர்த்தது. பத்து நிமிடம் இருவரையும் மறந்துவிட்டு வாசித்தேன். என் அறையில் இவ்வளவு வருடம் எனக்கு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது வெளியே வந்த மாதிரி இருந்தது.

"இதுல புல்லாங்குழல் வருமா?" என்று கேட்டேன்.

"இதுல இது மட்டும்தான் வரும்," என்றார் ஸ்டான்லி. "குழல் வேணும்னா அது. அது மிடி."

இரண்டாவது புதியது. கிடார் எதுவானாலும் சரி, அடியில் ஒரு காந்தப் பட்டையை ஒட்டிக்கொள்ளலாம். நாம் மீட்டும் சுரத்தைப் பெட்டி கணக்குப் போட்டு, இன்ன சுரம் என்று தனக்குள்ளேயே இருக்கும் இன்னொரு பாகத்துக்குச் சொல்லும். மிடி என்பது அந்தப் பேச்சுதான். அந்தப் பாகத்துக்குள் குழல், வயலின், வீணை, ஷெனாய் எல்லாம் நம்பர் போட்டு வைத்திருந்தார்கள். காலால் மிதித்து மாற்றிக்கொள்ளலாம்.

ஒரே குறை, அது தாமதித்து வந்தது. தடித்த தந்தி மெதுவாக அதிரும். அதிர்வு முழுசாக ஒரு சுற்று வந்தால்தான் பெட்டிக்கு அது என்ன சுரம் என்று புரியும். நான் மீட்டி, ஒரு கண் சிமிட்டு கழித்துத்தான் குழல் ஊதியது. வளைத்தால் வழுக்கிப் போகவில்லை.

"அது கூடவே வருது. இது படிக்கட்டு ஏறுது," என்றான் ஏழுமலை. சரியாகச் சொல்லிவிட்டான்.

அப்போதுதான் மின்விசிறியை நிறுத்தச் சொன்னான். குழலுக்கு மட்டும் அந்தப் பெட்டியில் மூன்று நம்பர்கள் இருந்தன. மூன்றையும் மாற்றி மாற்றி வாசிக்கச் சொன்னான். பிறகு மஞ்சள் பையிலிருந்து தன் குழலை எடுத்து அதே சங்கதியை வாசித்துவிட்டு, மறுபடியும் என்னை வாசிக்கச் சொன்னான். எரிச்சலோடு உட்கார்ந்திருந்த ஸ்டான்லி, அவன் வாசித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ரெண்டாவது நம்பருயா. இதுல ஊதறவன் மூச்சு கேக்குது. மத்த ரெண்டும் விசிலு."

"ஏழுமலை, எனக்கு அந்தப் பழைய பெட்டிதான் பிடிச்சிருக்குது," என்றேன். நிஜமாகவே சொன்னேன். அந்த நிமிடத்தில் அவன் சரி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அதையே வாங்கியிருப்பேன். நாற்காலி போயிருக்கும். அறையில் உட்கார்ந்து அதை வாசித்துக்கொண்டிருந்திருப்பேன். அவனும் நானும் சேர்ந்தே குழுவை விட்டு வெளியே வந்திருப்போம்.

ஏழுமலை குழலைத் துணியில் சுற்றினான். அவசரமே இல்லாமல் சுற்றினான்.

"உனக்குப் புடிச்சதுலாம் சரி. அத வெச்சிக்கினு கல்யாணத்துல இன்னா வாசிப்ப? புதுச எடு. லேட்டா வந்தா நீ கொஞ்சம் முந்திக்கோ. மெல்லிசு தந்தியில மட்டும் வாசி. வளைக்காத. பழகிடும்."

"யோசிச்சுச் சொல்லு."

"யோசிச்சிட்டேன்யா. எடு."

எடுத்தேன். திரும்பி வரும்போது பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பாதி வழி அவன்தான் உட்கார்ந்திருந்தான். செஞ்சி தாண்டியதும் தூங்கிவிட்டான். நான் தூங்கவில்லை. சொல்லிவிடு, சொல்லிவிடு என்று மனசு அடித்துக்கொண்டது. ஊர் வந்துவிட்டது.

எங்கே மூச்சு விடுவது

பங்குனி, சித்திரைக் கல்யாணங்கள் முடிந்திருந்தன. அடுத்த முகூர்த்தங்களுக்குள் நான் பழகிவிட வேண்டும். ஏழுமலை வாரத்தில் மூன்று நாள், நான் கமிட்டியிலிருந்து வந்ததும் சைக்கிளில் என் அறைக்கு வந்துவிடுவான். நான் கூப்பிடவில்லை. அவனே வந்தான்.

முதல் வாரத்திலேயே ஒரு தப்பைப் பிடித்தான். கிடார் வாசிப்பவனுக்கு மூச்சைப் பற்றிக் கவலை இல்லை. ஒரு சங்கதியை எவ்வளவு நீளம் வேண்டுமானாலும் இழுத்துக்கொண்டே போவான். குழலில் அப்படிப் போனால் ஊதுகிறவன் செத்துப்போவான்.

"கேக்கற ஜனத்துக்குத் தெரியாது. ஆனா அவங்களுக்கு மூச்சு முட்டும். ஏன்னு புரியாது," என்றான்.

எனக்குப் பின்னால் நின்றுகொண்டு, மூச்சு முடிகிற இடத்திலெல்லாம் என் தோளை அழுத்தினான். அழுத்தியதும் நான் நிறுத்த வேண்டும். அவன் ஒரு மூச்சு இழுப்பது என் காதுக்குப் பின்னால் கேட்கும். கையை எடுத்ததும் நான் தொடர வேண்டும். அவன் கையில் சாமந்திச் செடியின் பச்சை வாசனை அடிக்கும். இப்படி ஒரு மாதம். என் வாழ்க்கையில் அவ்வளவு நெருக்கமாக யாரும் எனக்குப் பின்னால் நின்றதில்லை. அந்த மாதம் முழுக்க நான் அவனிடம் பொய்யனாகவே உட்கார்ந்திருந்தேன்.

ஆனி மாதம் பெட்டியை மாஸ்டர் வீட்டுக்கு எடுத்துப்போய் வாசித்துக் காட்டினேன். மாஸ்டருக்கு வாயெல்லாம் பல். கேட்டுமுடித்துவிட்டு, "நாற்காலி உனுது," என்றார்.

"ஏழுமலைக்கு யாரு சொல்றது மாஸ்டர்?" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

மாஸ்டர் என்னை வேடிக்கையாகப் பார்த்தார். "அவனுக்கா? உங்கிட்ட சொன்னதுக்கு மொத நாளே அவன்கிட்ட சொல்லிட்டேனே. அவன்தான், எனக்குத் தெரியும்னு நயினாருகிட்ட சொல்லாதீங்க, அப்பறம் மிஷினே வாங்க மாட்டாருன்னான்."

நான் பெட்டியின் வயரைச் சுற்ற ஆரம்பித்தேன்.

"நீயே வெச்சிக்கடா இந்த எடத்தன்னு மொதல்ல அவன்கிட்டதான் கேட்டேன். ரெண்டாவதா ஒரு கீபோர்டு வெச்சிக்கலாம், கத்துக்க ஆறு மாசம் டைம் தரேன்னேன். அவன் வேணான்னுட்டான். 'எனக்குக் கழனி இருக்குது, ஊட்ல ஆளுங்க இருக்காங்கோ. நயினாருக்கு இன்னா இருக்குது? இதுவும் பூட்டா அந்த ரூம்ல ஒண்டியா இன்னா பண்ணுவாரு'ன்னான்."

எனக்கு முதலில் வந்தது நன்றி இல்லை, கோபம். நான் ஒண்டியாக இருக்கிறேன் என்று இவன் யார் முடிவு செய்ய? என்னைப் பார்த்துப் பரிதாபப்பட இவன் யார்? அந்தக் கோபம் மாஸ்டர் வீட்டுத் தெரு முனையைத் தாண்டுவதற்குள் அடங்கிவிட்டது. அவன் சொன்னது அத்தனையும் சரி. அதைத்தான் தாங்க முடியவில்லை.

மறுநாள் அடி அண்ணாமலைக்குப் போனேன். சைக்கிளை மலை சுற்றும் பாதையோரம் சாத்திவிட்டு வரப்பு வரைக்கும் நடந்தேன். ஏழுமலை குனிந்து பாத்திக்குத் தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்தான். முதுகு தெரிந்தது. என்ன சொல்வது? தெரியும் என்று சொல்வதா, மன்னித்துக்கொள் என்பதா? கொஞ்ச நேரம் நின்றேன். அவன் திரும்புவதற்குள் நான் திரும்பிவிட்டேன்.

அதன்பிறகு அவன் என் அறைக்கு வரவில்லை. பாடம் முடிந்துவிட்டதே, எதற்கு வர வேண்டும்? நான் கூப்பிட்டிருந்தால் வந்திருப்பான். நான் கூப்பிடவில்லை. தினமும் நாளைக்கு என்று தள்ளிப்போட்டேன். இரண்டு மாதம் ஓடிவிட்டது.

கலர் துண்டு

ஆவணியில் அவன் தங்கைக்குக் கல்யாணம். ஊருக்குள்ளே ஒரு மண்டபம். முதல்நாள் சாயங்காலம் பெண்ணழைப்புக்கு எங்கள் கச்சேரி. ஏழுமலையே மாஸ்டரிடம் போய்த் தாம்பூலம் கொடுத்து ஏற்பாடு செய்திருந்தான்.

நாங்கள் ஆறு பேர் மேடையில் இருந்தோம். ஏழுமலை மேடைக்கு வரவே இல்லை. புது வேட்டி, தோளில் துண்டு, பெண் வீட்டு மூத்த பிள்ளைக்கு உண்டான பரபரப்பு. வருகிறவர்களை உட்காரவைப்பதும் கலர் சோடா கொடுக்கச் சொல்வதுமாக ஓடிக்கொண்டிருந்தான். ஒருமுறை எங்கள் கண்கள் சந்தித்தன. கையை உயர்த்தினான். நானும் உயர்த்தினேன். அதற்குள் யாரோ அவனைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

நான் நன்றாக வாசித்தேன். இதையும் சொல்லத்தான் வேண்டும். கொஞ்சம் முந்தி மீட்டினேன், மெல்லிய தந்தியில் மட்டும் வாசித்தேன், வளைக்கவில்லை, மூச்சு விட்டேன். குழல் பாட்டுகளுக்கெல்லாம் கைதட்டு விழுந்தது. வயலின் வேண்டிய இடத்தில் வயலின், வீணை வேண்டிய இடத்தில் வீணை. மாஸ்டர் கீபோர்டின் பின்னாலிருந்து தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

எங்கள் பக்கத்துக் கல்யாணக் கச்சேரிகளில் நடுவில் ஒரு வழக்கம் உண்டு. பெண் வீட்டார் தாம்பாளத்தில் கலர் துண்டுகளை வைத்துக்கொண்டு மேடைக்கு வருவார்கள். மாஸ்டர் மைக்கில் ஒவ்வொரு வாத்தியமாகச் சொல்லச் சொல்ல, வாசிப்பவர்களுக்கு வரிசையாகத் துண்டு போர்த்துவார்கள். போர்த்துவது பெண்ணின் கூடப்பிறந்தவன் வேலை. ஏழுமலை தாம்பாளத்தோடு ஏறி வந்தான்.

"பாட்டு," என்றார் மாஸ்டர். இரண்டு பேருக்குப் போர்த்தினான். "தபலா." "டிரம்ஸ்." பிறகு மாஸ்டருக்கு. "கிடார், நம்ம நயினார்," என்றார் மாஸ்டர். ஏழுமலை என் முன்னால் வந்து நின்றான். ஒரு பச்சைத் துண்டை விரித்து என் தோளில் போட்டு, கை குலுக்கினான். கை சில்லென்று இருந்தது.

தாம்பாளத்தில் இன்னொரு துண்டு இருந்தது. சிவப்புத் துண்டு.

முன்வரிசையில் அவனுடைய அப்பா உட்கார்ந்திருந்தார். கண்ணும் காதும் நன்றாக இருந்த மனுஷர்தான். மகன் இப்போது கச்சேரிக்குப் போவதில்லை என்பது அவருக்குத் தெரியும். அவன் இடத்தில் வேறு ஓர் ஆளை மேடையில் எங்கோ பின்னால் உட்காரவைத்திருக்கிறார்கள் என்றுதான் அவர் நினைத்திருக்க வேண்டும். குழல் அத்தனை பாட்டில் கேட்டதே. அந்த ஆளுக்கும் கணக்குப் போட்டுத்தான் துண்டு வாங்கியிருக்கிறார்.

"டேய் ஏழுமல," என்று அங்கிருந்தே சத்தம் போட்டார். "குழல்காரரு எங்கடா? அவருக்குப் போடாம வர்றியே. உன் எடத்துல வந்தவருடா, மொறையா போடு."

கூட்டம் திரும்பிப் பார்த்தது. மாஸ்டர் மைக்கிலிருந்து முகத்தை எடுத்துவிட்டார். எனக்கு அந்தப் பெட்டியோடு மேடைக்கு அடியில் போய்விட வேண்டும்போல இருந்தது.

ஏழுமலை அப்பாவைப் பார்த்துச் சிரித்தான். நிஜமான சிரிப்பு. இத்தனை வருடம் கழித்தும் அதில் ஒரு கசப்பையாவது கண்டுபிடிக்க முயன்று தோற்றிருக்கிறேன்.

"அவரும் இவருதாம்பா," என்றான்.

சிவப்புத் துண்டை விரித்தான். பச்சைத் துண்டின்மேல் அதைப் போர்த்தினான். முனை சரிந்து தந்தியில் விழாதபடி என் கழுத்தோரம் ஒரு மடிப்பு வைத்து ஒதுக்கிவிட்டான். கூட்டம் கைதட்டியது. முதலில் தட்டியவர் அவன் அப்பா.

"ஏழுமலை," என்றேன். அழுகை வந்தது என்று எழுதினால் பொய். வெட்கம்தான் வந்தது.

"வாசி நயினாரே. ஜனம் காத்துக்கினு இருக்குது," என்றான். காலித் தாம்பாளத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியிறங்கினான்.

மாஸ்டர் அடுத்த பாட்டைச் சொன்னார். அது குழலில் ஆரம்பிக்கிற பாட்டு. நான் காலால் மிதித்து, இரண்டாவது நம்பரை வைத்தேன். அவன் நின்று கேட்பான் என்று எதிர்பார்த்தேன். ஒரு தப்பாவது செய்து அவனைத் திரும்பிப் பார்க்க வைக்கலாமா என்றுகூடத் தோன்றியது. தப்பு ஒன்றும் வரவில்லை.

ஏழுமலை நாற்காலிகளுக்கு நடுவே நடந்து, கதவைத் தள்ளிக்கொண்டு பந்தி நடக்கிற கூடத்துக்குப் போனான். பாட்டு முடியும்வரை அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு வாசித்தேன். யார் யாரோ வந்தார்கள், போனார்கள். அவன் வரவில்லை.